ஏசிக்கீரையின் ஸ்வெட்டர்

கொச்சி மட்டாஞ்சேரியில் பிழைக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் இரும்புக் கண்டெய்னருக்குள் ஏசி போட்டுக் கீரை வளர்த்து, அதில் ஒரு தெருவையே கூட்டுச் சேர்த்து, கடைசியில் அந்தத் தெருவாலேயே அழிந்தவன் ஏசிக்கீரை ஒருவன்தான். வீட்டில் வைத்த பெயரை அவனைப் பெற்றவளே மறந்திருப்பாள்.

எங்கள் தெருப் பையன். அப்பா கார்ப்பரேஷனில் குப்பை வண்டி தள்ளியவர். இவன் காலேஜ் முடித்தான். துபாய்க்குப் போவான் என்று எல்லோரும் காத்திருந்தபோது, கிரேன் வைத்துத் தெருமுனையில், என் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், பழைய கப்பல் கண்டெய்னர் ஒன்றை இறக்கினான்.

"என்ன மோனே, வீடா கெட்டுறே?" என்றாள் சாயாக்கடை அக்கா.

"கீரைக் கிருஷியாக்கும் அக்கா. மண்ணு வேண்டாம், வெயிலு வேண்டாம்."

"மழையும் வேண்டாமா? அப்போ பகவானுக்கு இனி பணியில்லை!"

உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், ஊதா வெளிச்சம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வீட்டின் கதவு எண்ணை எழுதினான். அந்த வீட்டார் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை இலை அவர்களுக்கு. மிஞ்சுவது ஃபோர்ட் கொச்சி ஓட்டலுக்கு. லாபத்தில் எல்லோருக்கும் பங்கு. "இது நம்ம தெருவுக்கு உள்ளதாக்கும்" என்பான். ஆனால் சோப்புப் போட்டுக் கால் கழுவாமல் யாரும் உள்ளே போக முடியாது. சொந்த வீட்டுக்குள் சேற்றுக்காலோடு போகிறவர்களுக்கு இது பெரிய அவமானமாகிவிட்டது.

உள்ளே குளிர் என்பதால் பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பான். வெளியே வந்தால் கழற்ற மறந்துவிடுவான். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரோடு மீன் வாங்கப் போவான். மீன்காரர்கள் காய்ச்சல்காரன் என்று தள்ளி நிற்பார்கள். மட்டாஞ்சேரியில் என்னிடம் ஸ்வெட்டரை இஸ்திரிக்குக் கொடுத்த ஒரே ஆள் அவன். கம்பளி கருகும். மேலே ஈரத்துணி விரித்துத்தான் தேய்ப்பேன்.

முதல் சனிக்கிழமை இலையை அக்கா தேங்காய் துருவிப் போட்டுத் தோரன் வைத்தாள்.

"கூடை நெறைய போட்டேன்டா. சட்டியில தேங்காய் மட்டும் உண்டு. இலை எவிடே போச்சு?"

"அது பச்சையா திங்கணும் அக்கா."

"நான் என்ன ஆடா?"

ஆடும் தின்னவில்லை. எங்கள் தெரு ஆடு ஒன்று அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த தேர்தல் போஸ்டரைத் தின்னப் போனது.

ஊதா வெளிச்சத்தைப் பார்த்துக் கஞ்சா என்று யாரோ போன் செய்தார்கள். வந்த போலீஸ்காரரையும் கால் கழுவ வைத்தான். அவர் ஓர் இலையைக் கடித்துவிட்டு, "இது கஞ்சாவா இருந்தாலும் உனக்கு நஷ்டம்தான்டா" என்று சொல்லிப் போனார்.

ஆனாலும் அந்த ஒரு ஓட்டல் விடாமல் வாங்கியது. கரண்ட் பில் அதில்தான் கட்டினான். ஓட்டல் நின்றால் கண்டெய்னர் பெட்டியும் நிற்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

அப்படியிருக்க, ஒரு ஹர்த்தால் நாள் காலையில் என் அம்மா இறந்துபோனாள். தங்கச்சி இருப்பது தென்காசியில். சாயந்திரம் ஹர்த்தால் முடியாமல் பஸ் கிடையாது. "நான் மொகம் பாக்காம எடுத்துராதண்ணே" என்று போனில் அழுதாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிராட்வேயில், உடலை வைக்கிற ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவரோ, கல்லெறி விழும், பாலம் தாண்டி வரமாட்டேன் என்றுவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. அம்மாவுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏசிக்கீரை வந்து பார்த்தான். போய்க் கீழடுக்குத் தட்டுகளை எல்லாம் உருவி வெளியே வைத்தான்.

"அண்ணே, அம்மையைக் கொண்டு வாங்க."

"தம்பி, ஓட்டலுக்கு நாளைக்கு இலை..."

"தெருவுக்கு உள்ளதுதானே அண்ணே."

அன்று மட்டும் யாரையும் கால் கழுவச் சொல்லவில்லை. ஏசியைக் கடைசி வரைக்கும் குறைத்தான். மேலடுக்கு இலையெல்லாம் குளிரில் சுருண்டு கறுத்தது. மறுநாள் காலையில் தங்கச்சி வந்து முகம் பார்த்தாள். தெரு மொத்தமும் அழுதது, கட்டன் சாயா குடித்தது, அவனைத் தெய்வம் என்றது.

அடுத்த சனிக்கிழமை எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. "பிணம் கெடந்த பெட்டியில மொளைச்சதை எவன் திம்பான்?" என்றார்கள், தெய்வம் என்ற அதே வாயால். ஓட்டலும் நிறுத்திவிட்டது. ஓட்டல்காரர்களுக்கு இதைச் சொன்னது அக்கரை வைப்பின்காரனோ வழிப்போக்கனோ இல்லை. எங்கள் தெருதான், அதுவும் போட்டி போட்டுக்கொண்டு.

பெட்டியைப் பழைய இரும்புக்காரர் எடுக்க வந்த அன்று எல்லோரும் வந்தார்கள். கதவு எண் பார்த்து அவரவர் தட்டை உரிமையோடு எடுத்துப்போனார்கள். இப்போது அக்கா அதில்தான் மீன் கழுவுகிறாள்.

"தம்பி, என்னாலதானே..." என்று ஆரம்பித்தேன்.

"போங்கண்ணே. அந்தப் பெட்டி கொண்டு தெருவுக்கு ஒரே ஒரு உபகாரம் உண்டாச்சு. அதைக் கெடுக்காதீங்க."

இப்போது திருப்பூணித்துறையில் ஏதோ மொபைல் கடையில் நிற்கிறானாம். இந்தப் பக்கம் வருவதில்லை.

அம்மாவை உள்ளே கிடத்திய அன்று, பெட்டிக் கதவைச் சாத்தப் போனவன் திரும்பி உள்ளே போய், ஸ்வெட்டரைக் கழற்றி அம்மாவின் மேல் போர்த்தினான். "அம்மைக்கு ஏசி பழக்கமில்லையே அண்ணே" என்றான்.

அதை அவன் திருப்பிக் கேட்கவே இல்லை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவ்வப்போது ஈரத்துணி விரித்துத் தேய்த்து, வாங்க ஆள் வரவேண்டிய துணிகளோடு மேலாக வைத்திருக்கிறேன்.