காட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம்

"காட்டுக்குள்ள தனியாவா நடக்கிறீங்க?" என்று மகள் தொலைபேசியில் கேட்டபோது அறிவிப்பாளர் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதுவும் சுண்டைக்காய் அளவுப் பொய்.

"தனியா எங்கம்மா? காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கு. அவங்களைப் பாக்கத்தான் போயிட்டு வரேன்."

குடும்பம் இருந்தது நிஜம். அவர் போய்ப் பார்த்ததும் நிஜம். அவர்கள் இவரைப் பார்த்ததில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

"எப்படிப்பட்டவங்க?"

"நல்லா சிரிப்பாங்க."

அதுவும் நிஜம்தான்.

ரயில் நிலையத்தில் காலமெல்லாம் ஒலிபெருக்கியில் பேசிச் சம்பாதித்தவர் அவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ஊருக்கே வழி சொன்ன குரல். ஆனால் சொன்னதெல்லாம் ஜன்னலில்லாத ஓர் அறைக்குள் உட்கார்ந்து. வண்டி இடது பக்கம் போகிறதா வலது பக்கம் போகிறதா என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனவே திசை என்பது அவருக்கு வெறும் கேள்வி ஞானம். குளியலறைக்குக் கிளம்பிச் சமையல்கட்டில் நின்றுகொண்டு சோப்பைத் தேடுகிற ரகம்.

மனைவி போன பிறகு பழைய வீட்டில் இருக்கப் பிடிக்காமல் காட்டோரமாக இந்த வீட்டை, வாசலோடு பார்த்துவிட்டு வாங்கினார். சாமான் இறக்க வந்தவர்கள் பின்கதவுக்குக் குறுக்கே பீரோவை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். யானை படுத்துத் தூங்குகிற மாதிரி ஒரு பீரோ. நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும். இன்னொரு ஆள் என்பதுதான் அந்த வீட்டில் இல்லாத ஒரே சாமான். பிரிக்காத அட்டைப்பெட்டிகள் பின் ஜன்னலை மறைத்துக்கொண்டு கூரை வரை ஏறி நின்றன.

தெருவில் யாரும் அவர் வாசல் மணியை அழுத்தவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒருமுறை, மூடிய பாத்திரத்தைக் கையில் ஏந்தி அவர் கேட் வரை வந்தாள். அறிவிப்பாளர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தலைவாரப் பறந்தார். வாரி முடித்து வருவதற்குள் அவள் பாத்திரத்தோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். வீடு மாறி வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பேச ஆளில்லாத வாய் சும்மா இருக்குமா? குளிர்சாதனப் பெட்டிக்கு வணக்கம் சொன்னார். ரேடியோவையும் விளக்கையும் அணைப்பதே இல்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது" என்று தனக்குத்தானே அறிவித்து, தானே ஓடிப்போய் இறக்கினார். பிறகு நடக்க ஆரம்பித்தார்.

தெருமுனையில் ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள் நுழைந்தது. அவர் கணக்கில் அது ஒரு கண்டத்தின் குறுக்கே போகிற பாதை. வளைந்தது, நெளிந்தது, ஓடையைத் தாண்டியது, மறுபடி வளைந்தது. முழங்கால் கெஞ்சுகிற நேரத்தில் மரங்கள் விலகி ஒரு கம்பிவேலி வந்தது. வேலிக்கு அப்பால், இரண்டு பக்கமும் புதர் மறைக்க, ஒரு வீட்டின் பின்புறம்.

பாசி படிந்த பச்சைச் சுவர். கொல்லையில் இரண்டு பழைய நாற்காலிகள், ஒன்றையொன்று பார்த்தபடி. ஜன்னல் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அறிவிப்பாளர் வேலிக்கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அந்த இரண்டாவது நாற்காலி அவரையே பார்ப்பது போலிருந்தது. பிறகு வந்த வழியே திரும்பினார். பாதை அதற்கப்புறமும் புதரோரமாகப் போனது. ஆனால் வந்த வழியை விட்டால் தன் எலும்புதான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இதுதான் அந்தக் குடும்பம்.

அடுத்த அழைப்பில் மகள் கேட்டாள்: "அவங்க வீட்டுக்குள்ள போனீங்களா?"

"போகாம? டீ குடுத்தாங்க." சுண்டைக்காய் இப்போது எலுமிச்சை.

"வீட்டுக்காரர் எப்படி?"

"தங்கமான மனுசன். முட்டிவலி. என்னைக் கண்டா விடவே மாட்டார்." எலுமிச்சை பூசணியாகிவிட்டது.

மறுமுனையில் மகள் நாட்காட்டியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப சரிப்பா. ஞாயித்துக்கிழமை வரேன். அவங்களை நான் பாக்கணும்" என்றாள்.

"எதுக்கும்மா உனக்கு அலைச்சல்?"

"அங்க உங்களுக்குன்னு நாலு மனுசங்க இருக்காங்கன்னு என் கண்ணால பாத்துட்டா நிம்மதியா விட்டுடறேன். இல்லன்னா அந்த வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடணும். பேச்சே கிடையாது."

மகள் வீட்டில் அவருக்கென்று ஓர் அறை உண்டு. அதில் இஸ்திரி மேஜையும், யாரும் ஓடாத ஓட்ட இயந்திரமும், ஒரு மடக்குக் கட்டிலும் இருந்தன. மடக்குக் கட்டிலை விரித்தால் கதவு திறக்காது. கதவைத் திறந்தால் கட்டில் விரியாது. மனிதன் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் குடும்பத்தோடு பழகியாக வேண்டும். அவ்வளவுதானே?

இஸ்திரி போட்ட சட்டையோடு காட்டுக்குள் போனார். வேலியருகே நின்று, வண்டி வருமுன் ஒலிபெருக்கியைச் சோதிப்பது போலத் தொண்டையைச் செருமினார். "வணக்கம். நான் காட்டுக்கு அந்தப் பக்கத்துல..."

உள்ளே கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சிரிப்பு வெடித்தது.

தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அறிவிப்பாளர் முட்டிவலியை மறந்து ஓடினார். ஓடியதில் கிளைப்பாதை ஒன்றில் புகுந்து, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஒரே புற்றை மூன்று திசைகளிலிருந்து சந்தித்தார். கடைசியில் புற்றைப் பார்த்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வீட்டுக்குச் செல்லும் வண்டி காலவரையின்றித் தாமதமாக இயங்குகிறது" என்று முழுக் குரலில் அறிவித்தார். காட்டில் இருந்த பறவையெல்லாம் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தன.

அடுத்த முறை வழி தவறக்கூடாதென்று பழைய மஞ்சள் திரைச்சீலையைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போனார். தவறான பாதையில் போனபோதும் கட்டினார். திரும்பி வந்தபோதும் கட்டினார். காடு முழுக்க மஞ்சள் துணி தொங்க, எல்லாப் பாதையும் சரியான பாதை போலவே தெரிந்தது. எப்படியோ பச்சைச் சுவரை அடைந்தார்.

கூப்பிடத் தைரியம் வரவில்லை. வேலியைத் தாண்டிக் குதித்து (குதித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தார்) தன் ஃப்ளாஸ்க்கை நாற்காலியில் வைத்தார். உள்ளே சூடான டீ. நல்ல மனுசர்கள் என்றால் எடுத்துக் குடிப்பார்கள். குடித்தால் யார் வைத்தது என்று தேடுவார்கள். தேடினால் உறவு வந்துவிட்டது.

மறுநாள் போய்ப் பார்த்தார். ஃப்ளாஸ்க் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும். மூடியின் மேல் ஓர் இலை விழுந்து கிடந்தது. உள்ளே மட்டும் அதே சிரிப்பு.

"குடிக்க வேணாம்" என்றார் வேலியிடம். "யாரு வெச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு கேக் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"ஏன்பா பீரோ இன்னும் குறுக்கே நிக்குது?"

"திருடன் வந்தா திணறட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்."

"அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதா? பின்னறையில கத்துறது தெருவுக்கே கேக்குது."

"முன்கூடத்துல எனக்குக் கேக்கணும்ல. வா வா, இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

அவர் போட்ட திட்டம் எளிது. காட்டுக்குள் சுற்றோ சுற்றென்று சுற்றி, மகள் களைத்துப்போய்த் திரும்பிவிடலாம் என்று சொல்ல வேண்டும். வாழ்நாளில் முதன்முறையாக வழி தவற வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாழாய்ப்போன கால் அன்றைக்குத்தான் நூல் பிடித்த மாதிரி நேராகக் கொண்டுபோய் அந்த வேலியில் நிறுத்தியது.

"யாருப்பா மரமெல்லாம் துணி கட்டினது?"

"வனத்துறையா இருக்கும்."

"நம்ம ஹால் திரைச்சீலை மாதிரி இருக்கு."

"வனத்துறைக்கு நல்ல ரசனை."

மகள் வேலியைத் தாண்டிவிட்டாள், பின்னாலேயே அவரும் விழுந்தார். நாற்காலியைப் பார்த்து நின்றாள். "இது நம்ம ஃப்ளாஸ்க் ஆச்சே."

"நான்தான் குடுத்தேன்."

அவள் மூடியைத் திறந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து மூடினாள். உள்ளே பேச்சுக் குரல்கள் கேட்டன. மகளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நிறைய பேர் இருக்காங்க போல" என்று கேக் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்கதவைத் தட்டினாள்.

யாரும் வரவில்லை.

மறுபடி தட்டினாள். உள்ளே சிரித்தார்கள்.

"என்னப்பா இவங்க? உங்களைக் கண்டா விடமாட்டாங்கன்னீங்க."

அறிவிப்பாளரின் குரல், ஊருக்கே கேட்ட குரல், தரைக்குள் இறங்கிவிட்டது. "அவங்களுக்கு என்னைத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது. நான் வேலிக்கு வெளிய நின்னு கேட்டுட்டுப் போயிடுவேன். அவ்வளவுதான்."

மகள், கேக் பெட்டியின் நூலை அவர் விரலால் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "பெட்டியெல்லாம் பிரிக்காததும் நல்லதாப் போச்சு. அப்படியே ஏத்திடலாம்" என்றாள்.

அப்போது பக்கத்துப் புதரை விலக்கிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது. தையல்காரம்மா.

"என்ன சார், சாவியைத் தொலைச்சுட்டீங்களா? உங்க வீட்டையே பின்பக்கமா வந்து தட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

அறிவிப்பாளர் பச்சைச் சுவரைப் பார்த்தார். சுவர் மூலை திரும்புகிற இடத்தில் வெள்ளையடித்தவனின் தூரிகை நின்றுபோயிருந்தது. முன்பக்கம் எல்லாம் வெள்ளை, பின்பக்கம் மட்டும் பாசிப் பச்சை. மகள் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். கண்ணாடியை ஒட்டி நின்ற அட்டைப்பெட்டியில் அவள் கையெழுத்தே இருந்தது: 'கண்ணாடிச் சாமான், ஜாக்கிரதை.' பெட்டிகளுக்குப் பின்னால் ரேடியோ தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து ஓய்ந்தது.

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் கோபம்தான் வெளியே வந்தது.

"நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? வயசான மனுசன், ஒத்தை ஆளா கிடக்கிறாரு. ஒரு தடவை வந்து எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

தையல்காரம்மா திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒத்தை ஆளா? பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு எத்தனை தடவை கேட் வரைக்கும் வந்திருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் உள்ள அத்தனை பேர் பேசிச் சிரிக்கிற சத்தம் கேக்கும்மா. இவ்வளவு மனுசங்க இருக்கிற வீட்டுக்கு நாம வேற எதுக்குன்னு திரும்பிப் போயிடுவேன்."