தவளைச் சத்தம்

"அம்மாவுக்கு இங்க தூக்கமே இல்லப்பா. எல்லாம் அந்தத் தவளைச் சத்தம் பண்ற வேலை. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றோம். அங்கயும் தூங்கலைன்னா திரும்ப இங்கயே வச்சுக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

ரிட்டையரான பஸ் கண்டக்டரின் காதில் அந்தச் சிரிப்பு விழவில்லை. தவளை மட்டும்தான் விழுந்தது. மூட்டுவலி வைத்தியத்துக்கு மகள் வீட்டுக்குப் போன மனைவி அங்கேயே தங்கிவிடுவாளோ என்று பயந்தார். பின்பக்கத் தோட்டத்தில் இத்தனை வருஷம் கேட்ட சத்தம் அங்கே போயும் அவளை விடவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டம் வாயை மூடியாக வேண்டும்.

அவர்கள் புதுசாகக் குடிவந்தபோதே பின்பக்கம் அந்தத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் கறுப்பாக வாலாட்டித் திரிந்தவற்றை மீன்குஞ்சு என்று நினைத்து அவள் தினமும் ரொட்டித்தூள் போட்டு வளர்த்தாள். ஒருநாள் டியூட்டிக்குக் கிளம்பியவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், "என்னங்க, மீனுக்குக் கால் முளைச்சிருக்கு" என்று காட்டினாள். இருவரும் சிரித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது, மெமோ வந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷமான மெமோ அவர் சர்வீஸிலேயே கிடையாது.

அந்த மீன்களின் வம்சத்தைக் காலி செய்ய மனசே வரவில்லை. ஆனாலும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

தொட்டியடிக் கல்லைப் புரட்டினால் பல்லி மாதிரி வாலோடு ஒன்று. தோல் மட்டும் ஈரமாக, வழவழவென்று இருந்தது. தவளைக்குப் பங்காளி முறையாக இருக்கலாம். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தார். அது மூச்சுக் காட்டவில்லை.

"நீ இருந்துக்கோ" என்று கல்லை மூடினார்.

சத்தம் போடுகிறவை சும்மா போகவில்லை. தண்ணீர் வற்றியதும் நேராக வீட்டுக்குள் வந்து செருப்பிலும் கட்டிலடியிலும் இடம்பிடித்தன. சுவருக்குள் சத்தம் இரட்டிப்பாகக் கேட்டது. துடைப்பத்தால் விரட்டினார். பாதி மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் போய்ச் சேர்ந்தன.

"அண்ணே, மெஷினை மிதிச்சா கொர்ருங்குது. பெல்ட்டு போச்சுன்னு புது பெல்ட்டே மாத்திட்டேன்" என்றார் தையற்காரர்.

அங்கிருந்தும் பொறுக்கி, எல்லாவற்றையும் மூடி போட்ட வாளியில் அடைத்து, ஏரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். கோழியோடு வந்தவர்களைக்கூட நடுவழியில் இறக்கிவிட்ட மனுஷன் அவர். டிரைவர் ஒரு பிரேக் போட்டார். மூடி ஒரு பக்கம், தவளைகள் நாலா பக்கம்.

"முன்னால போ, முன்னால போ" என்று பழக்கதோஷத்தில் கத்தினார். ஜனங்கள் போனார்கள். தவளைகள் போகவில்லை.

"சார், இதெல்லாம் உங்க கூட வந்ததா?" என்றார் அந்தப் பஸ்ஸின் கண்டக்டர்.

"இல்லப்பா, முன்ஸ்டாப்புல ஏறியிருக்கும்."

அதற்குள் ஒன்று அவர் தோளிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அத்தனையையும் பொறுக்க வைத்து, நடுவழியில் இறக்கிவிட்டார்கள். மீதி தூரம் நடந்தே போய் ஏரியில் விட்டார். திரும்பி வந்தபோது தோட்டம் அமைதியாக இருந்தது. தொட்டியடிக் கல்லைப் புரட்டி, அந்தப் பங்காளியாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காரிலிருந்து இறங்கிய மனைவி நேராகப் பின்பக்கம் போய் வெறும் தொட்டியைப் பார்த்தாள்.

"எங்கங்க எல்லாம்?"

"ஒண்ணு விடாம ஏரியில விட்டுட்டேன். இனிமே நிம்மதியா தூங்கு. திரும்பிப் போக வேண்டாம்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டியோடு பின்னால் நின்ற மருமகன்தான், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னார்:

"மாமா, தவளைங்கிறது அம்மாவும் பொண்ணுமா உங்களுக்கு வச்ச பேரு. உங்க குறட்டை கேக்காமத்தான் அத்தைக்கு அங்க தூக்கமே வரல."