அந்திரோமெடாவின் பாவாடை

பர்ஸ்லம்,
செவ்வாய், 14 மார்ச் 1876

மதிப்பிற்குரிய மார்த்தா அத்தைக்கு,

ஆம்ப்ரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், மூக்கு மட்டும் சூளைப் புகையில் கறுத்திருக்கிறது. உங்கள் மூட்டுவலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்க வேண்டுகிறேன். மாடி அறையைப் பெருக்கி வையுங்கள். சனிக்கிழமை வருகிறேன். மாமாவின் தானிய மண்டியில் எழுத்தர் வேலையை ஏற்கிறேன். முடிவு செய்துவிட்டேன்.

காரணம் ஒரு பாவாடை.

எங்கள் பீங்கான் ஆலையிலிருந்து லண்டன் கண்காட்சிக்குப் போகும் பூச்சாடி பற்றி எழுதியிருந்தேன். மூன்றடி உயரம். பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட அந்திரோமெடா. கீழே அவளைத் தின்ன வரும் கடல் பூதம். மேலே அவளை மீட்கப் பறந்து வரும் பெர்சியஸ். என் பெயர் தாங்கும் முதல் பொருள். நேற்று திங்கள், வழக்கம்போலக் குயவர்கள் மதுக்கடையில் இருந்தார்கள், சித்திரம் தீட்டும் பெண்கள் மட்டும் வந்திருந்தார்கள், ஆகவே அதட்ட ஆளில்லாத சூளை மேஸ்திரி ஜேபஸ், ஞாயிறுதோறும் சபையில் பிரசங்கம் செய்பவர், என் சாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தம்பி, இவ துணி எங்க?"

"கிரேக்கக் கதை ஐயா. பலி கொடுக்கக் கட்டியிருக்காங்க."

"பூதத்துக்குச் செதில் செதிலா வரைய நேரம் இருந்துச்சு. இந்தப் புள்ளைக்கு ஒரு பாவாடை போட நேரமில்லையா? கடக்கரைக் காத்து வேற. குளிராது?"

அழகு என்றேன். மரபு என்றேன். பல்கலைக்கழகத்தில் படித்த அனைத்தையும் சொன்னேன்.

"படிச்சது போதும். பாவாடை வரட்டும். இல்லன்னா சாடி வாசலத் தாண்டாது."

மறுத்தேன். அவர் கெஸையாவை அழைத்தார். என் படத்தைப் பார்த்து அந்திரோமெடாவின் கால்விரல் வரை சாடியில் தீட்டியவள். அவளும் மறுப்பாள் என்று நம்பினேன்.

"பருத்தியா ஐயா, கம்பளியா?" என்றாள்.

"கம்பளி."

ஒரு மணி நேரம். கணுக்கால் வரை. கீழே சுருக்கு வைத்த கரை வேறு. எல்லாப் பெண்கள் முன்பும் அவளைத் துரோகி என்றேன்.

"காலேஜ்காரரே, தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

இன்று காலை சாடி சூளைக்குள் போயிற்று. சுட்ட வண்ணம் சாகும்வரை போகாது. ராஜினாமாவை ஜேபஸின் மேசையில் வைத்துவிட்டேன். கம்பளி அணிந்த அந்திரோமெடாவின் கீழ் என் பெயர் இருக்க, நான் இங்கே இருக்க மாட்டேன். யாரும் என்னை அசைக்க முடியாது.

மாமாவுக்கு மரியாதை. உங்கள் வீட்டில் அமைதி நிலவட்டும்.

உங்கள் மருமகன்,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: வியாழன். இதைத் தபாலில் சேர்க்க மறந்திருந்தேன். இன்று சூளை திறந்தது. பாவாடையைக் காணோம். பூதம் இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, அந்திரோமெடா நான் வரைந்தபடியே நிற்கிறாள். வண்ணம் தீட்டுமுன் கோடு போட்டுப் பார்க்கும் மையிலேயே கெஸையா பாவாடை முழுவதையும் எழுதியிருக்கிறாள்; அந்த மை சூட்டில் எரிந்துவிடுமாம். காகிதத்தில் மட்டுமே வரையும் எனக்கு அது தெரியாது. ஜேபஸ் மறுபடியும் சாடியைச் சுற்றி வந்தார்.

"நான் போடச் சொன்னேன், இவ போட்டா, ஆண்டவர் எடுத்துட்டாரு. மூணு பேரும் அவங்கவங்க வேலையச் செஞ்சாச்சு. பெட்டியில அடைங்க."

ராஜினாமாவை எடுக்க ஓடினேன். மேசை காலி. கெஸையா பின்னாலேயே வந்தாள்.

"மேஸ்திரி கண்ணுல படறதுக்குள்ள எடுத்துச் சூளையில போட்டுட்டேன். அதுவும் மையில எழுதினதுதான?"

அத்தை, அறையைப் பெருக்க வேண்டாம்.