மாமா நாக்கில் வைத்த கல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். மறந்தால் தேவலை என்று நினைக்கிற அந்த ஒரு நாள் மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்தை ஒட்டிய ஓடைப் பள்ளம் வற்றியபோது அதில் ஒரு கல் எடுத்தேன். உள்ளங்கை அகலம், மேலெல்லாம் வரிவரியாக. என் பித்தவெடிப்புக் குதிகாலுக்கு அப்படி ஒரு கல் கடையில் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேலேயே வைத்து இரண்டு வருடம் தேய்த்தேன்.

பிறகு மகள் சாந்தியைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என் வீட்டுக்காரர் படுத்தே விடுவார். (அந்தப் பயத்தில் காப்பிக்குச் சர்க்கரை போட்டேனா என்றே தெரியவில்லை.)

வந்தவர்கள் தொட்டியில் கால் கழுவினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். கல்லூரியில் கல், மண் பற்றிப் பாடம் நடத்துகிறவராம். கையில் என் கல்.

"ஏனுங்க, இது எங்க கெடச்சதுங்க?"

"நம்ம பள்ளத்துலீங்க," என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

"வெறுங்கல்லு இல்லீங்க. அந்தக் காலத்து மிருகத்தோட பல்லு, மண்ணுக்குள்ள கெடந்து கல்லாயிருக்குமாட்ட இருக்குது. நெசமாலுமே பல்லுன்னா நாக்குல வெச்சா ஒட்டோணும். பாத்தரலாமுங்க."

சம்பந்தி வீட்டு ஆண்களிடம் நேராகப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். கதவோரம் நின்று வீட்டுக்காரருக்குக் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கடைசியில் காலையே தூக்கிக் காட்டினேன்.

"காப்பி வருதுங்க," என்றார் அவர்.

மாமா நாக்கில் வைத்தார். ஒட்டியது. சந்தேகம் தீர இன்னொரு தரமும் வைத்தார்.

"அது நான் குதிகாலு தேய்க்கற கல்லுங்க," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாமா மெல்லக் கேட்டார். "எத்தன நாளாங்க?"

"ரண்டு வருசமாங்க. காலைல கூட தேச்சனுங்க."

அவர் சொம்பு சொம்பாக வாய் கொப்பளித்தார். சம்பந்தம் போயிற்று என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எங்கண்ணன் போற எடத்துலயெல்லாம் கல்ல நக்கறாருங்க. ஒருத்தரும் கேக்கறதில்ல. நீங்கதான் வாயத் தொறந்தீங்க. இன்னைக்கே பூ வெச்சுப்போட்டுத்தான் போவனுங்க அம்மணி."

வைத்துவிட்டுத்தான் போனார். இன்றைக்கும் நான் எதைப் பரிமாறினாலும் மருமகன், "மொதல்ல மாமன நாக்குல வெச்சுப் பாக்கச் சொல்லுங்கத்தே," என்பார். மாமாவும் மறுக்காமல் வைத்துப் பார்ப்பார்.

கல்லைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், என்ன மிருகம் என்று சொல்லியனுப்பினார். ஆனை என்றாரா, மாடு என்றாரா? வெட்கத்தில் எனக்குக் காதிலேயே விழவில்லை. சாந்தி, இதைப் படிக்கும்போது நீ மாமாவைக் கேட்டுச் சரிபார்த்துவிடு கண்ணு.