புகை போட்ட கால்தடம்

நான் மொத்தம் ஆறே வகுப்புகள்தான் தடயவியல் படித்தேன். அந்த ஆறு வகுப்புகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைச் சயாமுக்கு அனுப்பப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்; அவள் சொல்லும் கதையில் நான் இன்னும் பெரிய முட்டாளாக வருவேன்.

சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம். சட்ட மருத்துவம் என்று ஒரு பாடம் (இப்போது தடயவியல் என்று அழகாகச் சொல்கிறார்கள்). இரத்தக்கறை, தலைமுடி, காயம், கால்தடம் என்று சுவையான விஷயங்கள். மற்ற பாடங்களில் தூங்கி வழிந்த நான் இதற்கு மட்டும் முதல் பெஞ்சில் இடம் பிடிப்பேன். ஆறாவது வகுப்பில், ஈரமண்ணில் பதிந்த தடத்தில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்து அளந்து ஆளைப் பிடிக்கும் வித்தையைப் பேராசிரியர் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வகுப்பின் தலைப்பையும் கரும்பலகையில் எழுதினார்: 'அளவெடுப்பதில் நேரும் பிழைகள்'. அந்த வகுப்பு நடக்கவில்லை. அதற்குள் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கிராணியாக இருந்தார். ஆள்கணக்கு எழுதும் வேலை. அங்கே திரும்பி வந்தேன். கையில் ஒரு நோட்டு, காலில் ஒரு ஜோடி சப்பாத்து, தலையில் தேவைக்கு மேல் கனம். தோட்டத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. துணி கிடைக்காமல் ஆண்களில் பாதிப் பேர் இடுப்பில் கோணிச்சாக்கு கட்டியிருந்தார்கள். உப்புக்குப் பெரும் தட்டுப்பாடு. ரப்பர் பால் உறையவைக்கும் ஸ்டோரில் இருந்த அரை மூட்டை உப்பை வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்று வீட்டுக்கு வீடு கொடுத்து வந்தார்கள்.

ஒரு வாரம் விடாத மழை. மழை விட்ட காலையில், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி ஸ்டோரைத் திறந்தார். சாக்கு இருந்தது. உப்பைக் காணோம்.

வேறு நாளாக இருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். அந்த வாரம் அப்படி இல்லை. சயாமில் ரயில் பாதை போட இரண்டு ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டிருந்தான். எங்கள் தோட்டத்திலிருந்து முன்பு போனவர்கள் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

"உப்பெடுத்தவன் எவனோ, அவன் பேரைத்தான் முதல்ல எழுதுவேன்," என்றார் மண்டோர்.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன்.

"என்கிட்ட விடுங்க மண்டோரே. இதுக்குன்னே படிச்சிருக்கேன்."

(இதுக்குன்னே. ஆறு வகுப்பு.)

ஸ்டோரின் பின்பக்கம் போனேன். சப்பாத்து தடயங்களைக் கலைக்கும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வர, அதைக் கழற்றிப் புல்லில் வைத்தேன். சன்னலைப் பிடித்துத் தொங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினேன். திரும்பினால், ஈரமண்ணில் அச்சு எடுத்தாற்போல ஒரு கால்தடம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிளாஸ்டர் மாவுக்கு எங்கே போவது? ரப்பரை வாங்க ஆளில்லாவிட்டாலும் சில மரங்களில் பால் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வாளிப் பால் வாங்கி, கொஞ்சம் ஆசிட் கலந்து தடத்தில் ஊற்றினேன். மத்தியானத்துக்குள் தயிராக உறைந்தது. பிடுங்கியபோது தடம் கலைந்துவிட்டது. போகட்டும், நகல் கையில் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக் கொட்டகையில் அதை நாலு நாள் தொங்கவிட்டேன். கிராணி வீட்டுப் பிள்ளையான நான் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். நாலாம் நாள் அது தேன் நிறத்தில், கெட்டியாக, பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

அன்று பெரட்டில், அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் திடலில், ஆண்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொருவராகக் காலைத் தூக்க, உள்ளங்காலில் என் ரப்பர் காலை ஒட்டிவைத்துப் பார்த்தேன். இடையிடையே நோட்டைப் புரட்டி, யாருக்கும் புரியாத இங்கிலீஷில் எனக்கு நானே முணுமுணுத்துத் தலையாட்டிக்கொண்டேன். எல்லாருடைய காலும் பெரிதாக இருந்தது. கடைசியில் வேலு அண்ணன் வந்தார். ஒல்லி மனிதர், பால்வெட்டுத் தொழிலாளி. நீளம் அப்படியே பொருந்தியது. விரல்கள் பொருந்தவில்லை. முக்கியமானது நீளம்தான் என்று விரல்களை விட்டுவிட்டேன்.

"இவர்தான்," என்றேன்.

அப்பா பேனாவை எடுத்தார். எழுதாமல் என்னையே பார்த்தார்.

"தம்பி, என் காலு சின்னதுன்னு எங்கம்மாவே சொல்லும்," என்றார் வேலு அண்ணன். "அதுக்குன்னு சயாமா? ரெண்டு புள்ளைங்க இருக்குலா."

"தடயம் பொய் சொல்லாது அண்ணே," என்றேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.)

அப்போது அவர் மனைவி அஞ்சலை அக்கா பெண்கள் வரிசையிலிருந்து வந்தார். ஸ்டோரில் பாலை உறையவைத்து ஷீட் போடுகிறவர்.

"தம்பி, இதப் புகையில போட்டீங்களா?"

"நாலு நாள்."

"போடறப்ப அளந்தீங்களா?"

"எதுக்கு?"

அக்கா ஸ்டோருக்குப் போய் ஒரு தட்டையும் ஒரு காய்ந்த ஷீட்டையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். ஷீட் தட்டுக்குள் விழுந்தது. சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

"இந்தத் தட்டுல ஊத்துன ஷீட்டுதான் இது. பாலு காஞ்சா சுருங்கும் தம்பி. எல்லாருக்கும் தெரியும்லா."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும், மண்டோருக்கும், பச்சைப் பிள்ளைகளுக்கும்கூட. தெரியாதவன் நான் ஒருவன். அக்கா ரப்பர் காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"விரலெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. இது சப்பாத்துக்குள்ள கெடந்த காலு. எங்க ஆளுங்க காலப் பாருங்க, விரலு விரிஞ்சு கெடக்கும். சப்பாத்து போடுறது கிராணி ஐயாவும் நீங்களும்தான். ஐயாவ ஸ்டோருக்குப் பின்னால யாரும் பாக்கல."

எனக்கு அப்போதுதான் சன்னலிலிருந்து இறங்கியது ஞாபகம் வந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பயம் தெளிந்த வேலு அண்ணன் இப்போது வாயைத் திறந்தார். "உப்பெடுத்தவன் சாக்க விட்டுட்டா போவான்? என் இடுப்பப் பாருங்க மண்டோரே. நானா இருந்தா உப்பக் கொட்டிட்டுச் சாக்கல்ல எடுத்திருப்பேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஸ்டோருக்கு ஓடினோம். மூட்டை இருந்த இடத்துக்கு நேர்மேலே கூரையில் ஓட்டை. பலகைத் தரைக்கு அடியில் புல் கருகிக் கிடந்தது. மண்டோர் அந்த மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்து முகம் சுளித்தார். திருடன் மழைதான்.

வேலு அண்ணனின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் முதலிலேயே ஒருவரும் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"படிச்ச தம்பி, சுருங்குறதையும் சேத்துக் கணக்குப் போட்டிருக்கும்னு நெனச்சோம்," என்றார். "எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு. தூக்கத்துல நாந்தான் போய் எடுத்தேனோன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஆறு வகுப்புகளை நான் நம்பியதைவிட அவர் அதிகம் நம்பியிருந்தார்.

கேட்ட இரண்டு ஆளை ஜப்பான்காரன் விடவில்லை. வேறு இருவர் போனார்கள், ஒருவர் திரும்பவில்லை. அதற்கும் என் ரப்பர் காலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் என் வாயிலிருந்து சுலபமாக ஒரு பெயர் வந்ததை மறக்க முடியவில்லை.

சண்டை முடிந்து மறுபடியும் கல்லூரிக்குப் போனேன். விட்டுப்போன ஏழாவது வகுப்பில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பேராசிரியர் சொன்னதன் சாரம், அஞ்சலை அக்கா கேட்ட ஒரே கேள்விதான். பிறகு எத்தனையோ வழக்குகளில் சாட்சி சொல்லக் கூண்டேறினேன். ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பதற்கு முன் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்வேன்.

வீட்டில் அது வேறு விதமாகப் புழங்குகிறது. நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், "போடறப்ப அளந்தீங்களா?" என்பாள் மனைவி. பிள்ளைகளும் கூடவே சேர்ந்துகொள்வார்கள்.

தீபாவளிக்குத் தீபாவளி சிரம்பான் ரஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வேலு அண்ணன் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை என் பக்கம் நீட்டி, "பாத்துக்குங்க தம்பி, இன்னும் சுருங்கல," என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்தபடி குனிந்து பார்ப்பேன். அந்தச் சின்னக் கால் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தீபாவளி.