ரிஜெக்ட்காரரும் என் முன்சக்கரத்து டொக்கும்

கோயமுத்தூரில் ஆட்டம் இல்லாத பொருள் என்று ஒன்று இருந்தால், அது ரிஜெக்ட்காரர் இன்னும் கை வைக்காத பொருளாகத்தான் இருக்கும். நாற்காலி, கேட், லிஃப்ட் கதவு, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று எதைக் கண்டாலும் இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை ஆட்டுவார். காதைச் சாய்ப்பார். "ஆட்டம் இருக்குதுங்க" என்பார். அதற்கப்புறம் அந்தப் பொருளில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது.

முப்பத்தோரு வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் செய்து கொடுத்ததை 'ரிஜெக்ட்' என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம். கம்பெனிக்காரர்கள் மாலை போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்; அந்தப் பழக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள். கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. மொய்க் கவரோடு மேடையேறியவர், மாப்பிள்ளை பொண்ணு உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்து, "ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரு நிமிசம் எந்திரிங்க" என்றார். எழுந்தார்கள். கவரை நாலாக மடித்து சோபாவின் ஒரு காலுக்கு அடியில் செருகிவிட்டு, "இப்ப உக்காருங்க, நூறு வருசத்துக்கு அசையாது" என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். வீடியோவில் அது முழுசாக இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட மனிதரை எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் சேர்த்துக்கொண்டது நான்தான். ஒன்பது பேர் கொண்ட குழு. வாட்ஸ்அப்பில் நான் அட்மின். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிற எனக்கு அந்தப் பதவி கொடுத்த கர்வத்தை அந்த வேலை கொடுத்ததில்லை.

என் சைக்கிள் ஒரு பழைய மவுண்டன் பைக். மச்சான் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. பதினாலு வயது. "இம்போர்ட்டட்" என்று சொல்லிச் சொல்லியே அதன் வயதை நான் மறைத்து வந்தேன். முன் பிரேக்கைப் பிடித்தால் மட்டும் டொக் என்று ஒரு சத்தம். சைக்கிள் கடைக்காரர், ஹேண்டில் திரும்புவதற்காகக் கழுத்தில் இருக்கும் பால்ரஸ் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். டொக் போகவில்லை. திரும்பவும் மாற்றினார். புது பால்ரஸோடும் டொக். பழகினால் சரியாகிவிடும் என்றார். நானும் சத்தத்துக்குப் பழகிக்கொண்டேன்.

கோத்தகிரி வரைக்கும் டெம்போவில் சைக்கிள்களை ஏற்றிப் போய், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலையிறங்குவது என்று திட்டம் போட்டோம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ரிஜெக்ட்காரர் என் சைக்கிளைப் பிடித்துவிட்டார்.

முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினார். டொக். ஹேண்டிலைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பி, பிரேக்கைப் பிடித்து மறுபடி ஆட்டினார். சத்தமில்லை. "பால்ரஸா இருந்தா இப்பவும் ஆடணும்ங்க. பால்ரஸு பாவம், ரெண்டு தடவ தண்டனை குடுத்துப்போட்டீங்க." பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து அழுத்தினார். டொக். "பிரேக்கும் இல்லீங்க." சக்கரத்தை இடம் வலமாக உலுக்கினார். அசையவில்லை. கடைசியாக, முன்னால் இருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் மேல் குழாய் கீழ் குழாய்க்குள் இறங்குகிற இடத்தில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்ப்பதுபோல் நின்றார்.

"ஃபோர்க்குக்குள்ள கொழாய ஆடாம புடிச்சிருக்கற வளையம், அந்தப் புஷ்ஷு தேஞ்சுபோச்சுங்க. இத ஓட்டிக்கிட்டு கோத்தகிரி எறங்குனா, நீங்க மொதல்ல மேட்டுப்பாளையம் போயிருவீங்க. சைக்கிளு பொறகால வருமுங்க."

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்திருந்த வக்கீல் அம்மணி, வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். என் காது சூடானது. அறுபத்தைந்து வயது மனிதர் என் உயிரைப் பற்றிப் பேசுகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. மானம் போனது மட்டும்தான் உறைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவரை முகத்துக்கு நேரே வராதே என்று சொல்லமாட்டோம். அவ்வளவு மரியாதை. வராமலிருக்க வழி மட்டும் பண்ணுவோம். அவரை விட்டுவிட்டு இன்னொரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். பழைய குழுவில், "இந்த வாரம் ரைடு இல்லீங்க" என்று போட்டேன். மற்றவர்கள் ஒருவர் விடாமல் அதற்குக் கீழே அழுகிற பொம்மை போட்டார்கள். நேரே புதுக் குழுவுக்கு வந்து, டெம்போ எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். ரிஜெக்ட்காரர் மட்டும், "சரிங்க. எல்லாரும் ஓய்வெடுங்க" என்று பதில் போட்டிருந்தார்.

கோத்தகிரியிலிருந்து இறங்கினோம். மூன்றாவது வளைவில் பிரேக்கை அழுத்தினேன். டொக் என்றது, அதோடு நிற்காமல் முன்பக்கம் முழுக்க நடுங்க ஆரம்பித்தது. நான் ஒரு பக்கம் திருப்ப, சைக்கிள் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பக்கம் போனது. ஓரச் சுவர் இல்லையென்றால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. முட்டி இரண்டும் கிழிந்து, மீதி மலையைக் காய்கறி வேனில், கேரட் மூட்டைகளுக்கு நடுவே சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். மேட்டுப்பாளையம் வந்ததும், வந்து சேர்ந்துவிட்டதாக வீட்டுக்கு போன் செய்தேன். விழுந்ததைச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்தபோது என் மனைவி சாந்தி என் முட்டியைப் பார்த்தாள்.

"ரிஜெக்ட் அண்ணன் வந்திருந்தாருங்க. காலைல எட்டு மணிக்கே. ரைடு இல்லைன்னு போட்டிருந்தீங்களாமா. சைக்கிளு சும்மாதான நிக்கும், பிரிச்சு புஷ்ஷு மாத்திக் குடுத்தர்றேன்னு டூல்ஸோட வந்தாரு. எனக்கென்னங்க தெரியும்? கோத்தகிரி போயிருக்கீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"காப்பி குடிச்சாரு. டீப்பாய ஒருக்கா ஆட்டிப் பாத்தாரு. 'பத்தரமா எறங்கீருவாருங்களா அம்மணி'ன்னு கேட்டாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்லீங்க. நீங்க மேட்டுப்பாளையம் வந்துட்டேன்னு போன் பண்ணுனீங்கல்ல, அதுக்கப்புறந்தான் செருப்பப் போட்டாரு."

டீப்பாய் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே நாலு புஷ். பதினாலு வருடத்து ஃபோர்க்குக்கு எந்தக் கடையிலும் புஷ் கிடைக்காது. யாரோ ஒரு லேத் பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகக் கடைந்து வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி, காகிதத்தில் அளவு எழுதி, அதற்குக் கீழே "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. அந்த மனிதர் ஒரு பொருளை ஓகே என்று எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. முட்டி எரிகிறது என்று சாந்தியிடம் சொன்னேன்.

புஷ்களைக் கடையில் கொடுத்து மாட்டினேன். டொக் செத்துப்போனது. மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்க வாங்க, சவுக்கியங்களா" என்றார். முறுக்கு வந்தது, காப்பி வந்தது. அத்தனை மரியாதைக்கு நடுவில் மன்னிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழம ரைடுக்கு நீங்க வரோணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்த வாரம் ரைடு இல்லீங்களே."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் காப்பியை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அதற்குப் பிறகு அவரிடம் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவருடைய புஷ் அப்படி. சைக்கிளில் ஒரு குறை கிடையாது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் எல்-கீயை எடுத்து, ஹேண்டில் போல்ட்டுகளை நானே தளர்த்தி, அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்னமோ சத்தம் வருதுங்க."

பிரேக்கைப் பிடித்தார், ஆட்டினார். விரலை வைத்துக் கண்ணை மூடினார். "இது தானா கழண்டதில்லீங்க. ஆளு கை பட்டிருக்குது."

"அப்படீங்களா?" என்றேன்.

என்னை நன்றாக ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய் எல்-கீயை எடுத்துவந்து இறுக்கினார். "மாசம் ஒருக்கா கொண்டாங்க. பாத்தரலாம்" என்றார்.

இரண்டு வருடமாகக் கொண்டுபோகிறேன். யார் கழற்றியது என்று அவர் கேட்டதில்லை. ரைடுக்கும் வந்ததில்லை, இனி வரவும் மாட்டார். நாளைக்கு இந்த மாதத்து முறை, போல்ட்டுகளை இன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன். அவர் வீடு நாலு தெரு தாண்டி இருக்கிறது. உருட்டிக்கொண்டேதான் போவேன். ஆட்டம் இருக்கிற சைக்கிளில் நான் ஏறி வந்தால் அவருக்கு மனசு பதறும்.