அனார்கான் அக்காவின் கல்லறைப் படம்

பிஷ்கேக்கில் இருக்கும் அக்காள் மகன் சிர்காக்குக்குக் கரகோலிலிருந்து தாய்மாமன் ஜோல்டோஷ் எழுதுவது. இங்கு நாங்களும் ஆடுகளும் நலம். நீயும் உன் மனைவி மக்களும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும். நிற்க.

அக்காள் மகன் வருவதைவிட ஏழு ஓநாய் வருவது மேல் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நீ மறந்து விட்டுப்போன கேமராவைத்தான் சொல்கிறேன். உன் அம்மாவின் புதுக் கல்லறைக் கல்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாயே என்று உன் மாமி சைராகுலையும் காரில் ஏற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். நல்ல வெயில். கேமரா வழியே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கல்லில் பொறித்த அக்காள் முகத்தையே பார்த்து அமுக்கிவிட்டு வந்தேன்.

ஸ்டுடியோக்காரன் படத்தை இரண்டு விரலால் நீட்டினான். "பெரியவரே, இத எங்க எடுத்தீங்க? நல்ல எடமாத் தெரியலயே."

ஜூலை மாதத்தில் புல்லெல்லாம் பனி விழுந்தாற்போல வெள்ளை. வானம் கரி. கல்லுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்பு. கல்யாணத்தன்று அக்காள் இருந்த அதே முகம். சைராகுலிடம் படத்தைக் காட்டாமல், "அக்கா கனவுல வந்தா" என்று பொய் சொல்லி, இறந்தவர்களுக்காக எண்ணெய் மணக்க ரொட்டி சுடவைத்து, முல்லாவைக் கூப்பிட்டு ஓதவைத்து, அவரிடம் மட்டும் படத்தைக் காட்டினேன்; அவர் ஒரு முழு ஆட்டுத் தொடையை முடித்துவிட்டு "படத்த எரிச்சிடுங்க" என்றார், எரிக்கக் கை வரவில்லை, பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். நீயானால் சிரிக்கிறாய்!

"மாமா, லென்சுக்குப் பின்னால, உள்ளயே ஒரு ஃபில்டர் துண்டு ஒட்டியிருக்கேன். வெளிய மாட்டினா பாக்குறப்ப ஒரே இருட்டு. உள்ள இருந்தா நமக்கு எல்லாம் எப்பவும் போலத் தெரியும். ஃபிலிமுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகும், உள்ள இருக்கறதும் அதுக்குன்னே உள்ள ஃபிலிம். புல்லு வெளுத்துடும், கறுப்புத் துணிகூட வெள்ளையா விழும், சுருக்கம் மறைஞ்சிடும். அது நம்ம மாமிதான்!"

சைராகுல் அன்று கறுப்பு வெல்வெட் சட்டைதான் போட்டிருந்தாள். அதற்குப் பிறகே எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கியது. ஆனாலும் எனக்கு ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றைப் பிடித்துவைக்கும் பெட்டி என் வீட்டில் வேண்டாமப்பா. உடனே வந்து அந்தத் துண்டைப் பிய்த்தெடு. இல்லாவிட்டால் கேமராவோடு ஏரியில் எறிவேன்.

உன் வீட்டில் பால் வற்றாதிருக்கட்டும். உன் பிள்ளைகள் தாடி நரைக்கும்வரை வாழட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் ஜோல்டோஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் படத்தைச் சைராகுலிடம் காட்டினேன். "நான் எங்க எறங்குனேன்? முட்டி வலின்னு கார்லயே தூங்கிட்டேனே, நீங்கதான வந்து எழுப்புனீங்க?" என்றாள். எழுப்பியது இப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது.

நீ வர வேண்டாம். துண்டு உள்ளேயே இருக்கட்டும். அதே மாதிரி இன்னொரு ஃபிலிம் சுருள் மட்டும் அனுப்பு. வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போகிறேன். படத்தில் அக்காள் ஏதோ சொல்ல வாய் திறந்தாற்போல இருக்கிறது.